சுகி, உன் காகத்தைக் கலைத்துவிட்டேன்

எப்போதும் எனக்கு முன்னால் நடந்துபோன என் செல்லச் சுகிக்கு,

இதை எழுதக் காலையில் உட்கார்ந்தேன். அதற்குள் எத்தனை தரம் எழும்பிவிட்டேன் தெரியுமா? தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்காமல் ஆறவிட்டேன். கராஜுக்குப் போய் என் முதுகுப்பையைத் திறந்து பார்த்தேன். அதில் இன்னும் ஈர மண் வாசம் அடிக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. "எடியே, ஒரு இடத்திலை இரன். உன்னைப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்று சொல்ல இப்போது இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் காகத்தை நான் கலைத்துவிட்டேன், சுகி. உன் மனுசன் ஒரு வருசத்துக்கு மேலாக வழி பார்த்துக்கொண்டிருந்த காகம். அவர் கண்ணுக்கு முன்னாலேயே, என் தொப்பியை வீசி, "சூ, போ" என்று கத்திக் கலைத்தேன்.

கோபிக்காதே. முழுவதையும் கேள். இதை எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலரில் போடப்போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே சொல்லவேண்டியிருக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு உன் மனுசன் தவம் அண்ணை ஒவ்வொரு நாளும் காகத்துக்குச் சோறு வைக்கத் தொடங்கினார். நீ உயிரோடு இருந்த காலத்தில் அவர் அடுப்புப் பக்கம் வந்த ஆள் இல்லை. அந்த மனுசன் காலையில் எழும்பி முழுகி, ஒரு பிடி அரிசி போட்டு அவித்து, இந்த ஒஸ்ரேலியாவில், வன்ரேனாவில் இருக்கும் உங்கள் வீட்டுப் பின்வளவு வேலித் தூணில் ஒரு தட்டம் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நிற்பார். வந்ததெல்லாம் வேறு பறவைகள். சாம்பல் நிறத்தில் சண்டைக்காரக் குருவிகள் வரும், பச்சைக்கிளி வரும். காகம் மட்டும் தெருவிளக்குக் கம்பத்தில் இருந்து பார்த்துவிட்டுப் பறந்துபோகும்.

உன் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்குச் சனம் நிறையத்தான் வந்தது. ஐயர் வந்தார், கிரியை முடிந்தது, வாழையிலையில் எல்லாம் படைத்து வேலியடியில் வைத்தோம். எல்லோரும் குசினி யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு மக்பைப் பறவை வந்து இறங்கி, நேரே வடையைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு தொடங்கியது வழக்கு. "இந்த நாட்டிலை அதுதானே காகம்" என்றார் ஒரு அங்கிள். "கறுப்பும் வெள்ளையுமா இருந்தா அது அரைக் காகம்" என்றார் இன்னொரு அன்ரி. "திதி பிழைச்சுப் போச்சோ?" என்று மூன்றாவது ஆள். பசி ஒரு பக்கம், வாதம் ஒரு பக்கம். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

தவம் அண்ணை சிரிக்கவில்லை. சனம் போனதும் கதிரையை யன்னலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாலா, அவளுக்கு என்னிலை கோபம்" என்றார். "ஒருக்காலும் அவளோடை காட்டுக்குப் போகேல்லை எல்லோ. எத்தினை தரம் கேட்டவள்."

நான் அவசரமாக, "உங்களிலை அவளுக்கு என்ன கோபம் அண்ணை, சும்மா இருங்கோ" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன். கோபம் இருந்ததா, சுகி? நீ என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் காரில் ஏறுமுன் வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாய். அவர் வேட்டியோடு நின்று கைகாட்டுவார். நீ சீற் பெல்ற்றை இரண்டு தரம் இழுத்துப் போடுவாய்.

வாசிப்பவர்களுக்கு இந்தக் காட்டுக் கதை விளங்க வேண்டும். நானும் நீயும் ஒரே வயோதிபர் இல்லத்தில் வேலை. நீ தாதி, நான் சமையலறை. கூட வேலை செய்த ஒருத்தி உன்னைக் காட்டுக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள், நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். காசு கட்டித் தங்கும் முகாம் இல்லை அது. வார்பேர்ட்டன் ஊரைத் தாண்டிப் போனால் வரும் அரச காடு. பதிவும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை, கழிவறையும் இல்லை. மண்பாதைக் கதவடியில் காரை விட்டுவிட்டு, கூடாரம் முதல் தீப்பெட்டி வரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்து உள்ளே போய், ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து, நிலத்தில் படுத்து எழும்பி வருவது.

எங்கள் சனத்துக்கு இது விளங்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "சண்டைக்குள்ளை வன்னியிலை தறப்பாளுக்குக் கீழை கிடந்தது காணாதாமோ இவையளுக்கு?" என்று கோயில் சாப்பாட்டு வரிசையிலேயே கேட்டார்கள். தவம் அண்ணையும் அதைத்தான் கேட்டார். அவருக்கு நீ சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "அப்ப எங்களைக் கலைச்சவங்கள், போனனாங்கள். இப்ப நானா விரும்பிப் போறன்" என்றாய். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

முதற் பயணத்தில் நான் கட்டிக்கொண்டு வந்த சாமான் நினைவிருக்கிறதா? இடியப்பம், சம்பல், கண்ணாடிப் போத்தலில் சொதி, வீட்டுத் தலையணை ஒன்று. கார்க் கதவடியில் நீ என் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்து சிரித்தாய். "எடி, நீ என்ன கலியாண வீட்டுக்கோ வந்தனீ?" தலையணை காரிலேயே தங்கியது. சொதியை நான் விடவில்லை. போத்தல் அரை வழியில் உடைந்து என் முதுகெல்லாம் மஞ்சள்.

உன் சட்டங்கள் காட்டுக்குள்தான் கடுமை. கொண்டு வந்தது எல்லாம் திரும்பிப் போகவேண்டும். தோடம்பழத் தோல், தேயிலைச் சக்கை, ஒரு பருக்கைச் சோறு, எதுவும் நிலத்தில் கிடக்கக்கூடாது. பறவை எதுவும் சாப்பாட்டுக்குக் கிட்ட வந்தால் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு எழும்பிவிடுவாய். ஒருமுறை நான் இரங்கி ஒரு காகத்துக்கு ரொட்டித் துண்டு எறிந்தேன். நீ அதை ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையிலேயே வைத்தாய். "இப்ப பாசமாத்தான் இருக்கும். பழக்கிப் போட்டா, நாங்கள் இல்லாத நாளிலை அது என்ன செய்யும், சொல்லு பாப்பம்?" என்று கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைத் தின்றேன்.

அந்தக் கேள்வி இப்படித் திரும்பி வரும் என்று யார் கண்டது?

ஆட்டைத் திவசத்துக்குப் பிறகு தவம் அண்ணை ஒரு பிடிவாதம் பிடித்தார். காகம் எடுத்த பிறகுதான் சாப்பாடு. காகம் எடுக்காது, இவர் மத்தியானம் தாண்டியும் வெறும் வயிறு. சீனி வருத்தக்காரர், நீரிழிவுக் குளிசையை மட்டும் நேரத்துக்குப் போட்டுக்கொள்வார். ஒரு நாள் குசினியில் விழுந்துவிட்டார். உன் மகள் ஆரணி வேலையால் வந்து பார்த்தபோது அடுப்பு எரிகிறது, அப்பா தரையில். நல்ல காலம், அவள் அன்றைக்கு நேரத்தோடு வந்தாள். சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவசரப் பிரிவில் ஊசி போட்டு, தேறவைத்து, "மருந்து போட்டால் சாப்பிடவேண்டும்" என்று அங்கே ஒரு டொக்டர் பிள்ளை எவ்வளவோ சொன்னது. இவர் தலையை ஆட்டிவிட்டு வந்து அடுத்த நாளும் வேலியடியில் நின்றார்.

ஆரணி எனக்குப் போன் எடுத்து அழுதாள். "அன்ரி, ஐ கான்ட் டூ திஸ். நான் வேலைக்குப் போறதா, அப்பாவுக்குக் காவல் இருக்கிறதா? அடுத்த தரம் நான் லேட்டா வந்தா?" உன் மகள் அழுது நான் கேட்டதில்லை. உன் செத்தவீட்டில்கூடப் பற்களைக் கடித்துக்கொண்டு நின்ற பிள்ளை.

அந்தக் கிழமை முழுக்க நான் வீட்டுக்குள் நடந்த நடை, ஒரு மலைக்குப் போய் வரக் காணும். பிறகு அவளுக்கு எடுத்து, "அப்பாவை அம்மாவின்ரை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றேன். அங்கே காகம் உண்டு. நீ கலைத்த காகங்களே எத்தனை. அங்கே வைத்தால் எடுக்கும், எடுத்தால் மனுசன் ஆறுவார், ஆறினால் சாப்பிடுவார். என் கணக்கு அவ்வளவுதான். உன் சட்டம் அப்போது என் மண்டையில் வரவே இல்லை. நீ நம்புவாயா?

தவம் அண்ணை உடனே ஓம் என்றார். முழங்கால் நோ என்று அத்தனை வருசம் சொன்ன ஆள்.

கார்க் கதவடியில் அவருடைய பையைத் திறந்தால், சுகி, உன்னோடு நான் வந்த முதல் நாள்தான். பித்தளைச் செம்பு, சருவச்சட்டி, வேட்டி, சுருட்டிய வாழையிலை, கத்தரிக்காய், பருப்பு, தேங்காய் ஒன்று முழுசாக. தேங்காயைத் திருவ என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். திருவலையும் பைக்கு அடியில் கிடந்தது. அதைக் காரில் வைக்க ஆரணியும் நானும் பட்ட பாடு. கடைசியில் தேங்காயும் திருவலையும் தங்கின, தேங்காய்ப்பால் மா ஒரு பைக்கற் போனது. சருவச்சட்டியை மட்டும் அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றுவிட்டார்.

உன் ஊன்றுதடியை அவர் கையில் கொடுத்தேன். நீளத்தைச் சரிசெய்யக் குனிந்தபோது, "வேண்டாம், அவள் விட்ட அளவிலையே கிடக்கட்டும்" என்றார். அவருக்கு அது கட்டை. கூனிக்கொண்டுதான் நடந்தார்.

உனக்குக் காட்டுச் செய்தி சொல்லவேண்டும். மரம் ஏற்றும் லொறிகள் இப்போது அந்தப் பாதையில் வருவதில்லை, வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பாதை நடுவில் புல் முளைத்துவிட்டது. மழைக்கு அட்டை நிறைய. ஒன்று தவம் அண்ணையின் சொக்ஸுக்குள் போய்விட்டது, அவர் போட்ட சத்தத்தில் எங்கோ ஒரு வலபி, அந்தச் சின்னக் கங்காரு, பற்றைக்குள் விழுந்தடித்து ஓடியது. நான் உப்புப் போட்டு எடுத்துவிட்டேன். நீ கற்றுத்தந்தபடி இழுக்காமல்.

போன் சிக்னல் முடியும் அந்த வளைவில் நின்றோம். நீ எப்போதும் பையை இறக்காமல் ஒரு நிமிடம் நின்று அவருக்குச் செய்தி அனுப்பும் இடம். என்ன அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும், எட்டிப் பார்த்திருக்கிறேன். "சாப்பிட்டியளோ?" அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முழுக்க நின்று சமைத்து, டப்பாக்களில் போட்டு, எதை எப்போது சூடாக்குவது என்று ஒட்டிவைத்துவிட்டு வந்தவள் கேட்கும் கேள்வி.

"இதிலையோ நிண்டு அவள் அனுப்புறவள்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"நான் பதில் போடேக்கை அவள் உள்ளுக்குப் போயிடுவாள். செய்தி போய்ச் சேர்ந்தது எண்டு காட்டுற அந்த ரெண்டாவது சரி அடையாளம் ஒரு நாளும் விழுறேல்லை." போனை எடுத்துப் பார்த்தார், பிறகு அணைத்துப் பைக்குள் போட்டார்.

நம் இடம் அப்படியே இருக்கிறது. ஓடைக்கு மேல்பக்கம் அந்தச் சமதரை, மரப்பன்னங்கள், உன் கூடாரம் நிற்கும் மூலை. பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடக்கிறது, இருக்க நல்ல வசதி. உன் கூடாரத்தைத் தவம் அண்ணைக்கு அடித்துக் கொடுத்தோம். பிறகு நான் கையில் சின்ன மண்வெட்டியைக் கொடுத்து, கழிவறைக்கு ஓடையை விட்டுத் தள்ளிப் போய்க் குழி வெட்டவேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கோ நான் ஒஸ்ரேலியாவுக்கு வந்தனான்?" ஆரணி சிரித்து விழுந்தாள். நீ போனபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பொழுதுபடும் நேரம் கஞ்சி மாதிரி எதையோ காய்ச்சிக் கொடுத்தோம். நாளைக்குத்தான் படையல், இன்றைக்குக் குடியுங்கள் என்று ஆரணி அதட்டினாள். குடித்தார். காலையில், "நித்திரை வந்ததோ அண்ணை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் நினைச்ச மாதிரி இல்லை. ஆரும் எழுப்பிக் கலைப்பினம் எண்ட பயம் வரேல்லை" என்றார். உனக்குச் சொல்லவேண்டிய பதிலை எனக்குச் சொல்லிவிட்டு ஓடைக்குக் குளிக்கப் போனார்.

அந்தக் குளிரில், சுகி! பல் கிடுகிடுக்க வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, உன் சின்ன எரிவாயு அடுப்புக்கு முன்னால் குந்தினார். சோறு அவித்தார், பருப்பு வைத்தார், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார். உப்புப் பார்க்கக்கூடாது, படையல் அல்லவா. ஆரணி ஜெலி இனிப்புகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்குவது குளிருக்கா, சீனிக்கா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "ஒரு வாய் வையுங்கோ அப்பா." "காகம் எடுக்கட்டும்."

விழுந்த மரத்தின்மேல் வாழையிலையை விரித்து எல்லாம் வைத்தார். தண்ணீர் சுற்றினார். பின்னால் வந்து நின்று, மேலே பார்த்து, "கா… கா…" என்று கூப்பிட்டார். அந்தப் பெரிய மரங்களுக்கு நடுவில் அந்தக் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தது. எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. வா, வந்து தொலை என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். உன்னைத்தான் கெஞ்சினேனா, காகத்தையா?

வந்தது. இந்த ஊர்க் காகம் கா என்று கத்தாது அல்லவா. குழந்தை அழுது ஓய்கிற மாதிரி இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டு வந்து மரத்தின் மற்ற நுனியில் இறங்கியது. கன்னங்கரேலென்று, வெள்ளைக் கண்ணோடு. பக்கவாட்டில் நடந்து நடந்து வந்தது. தவம் அண்ணை கைகூப்பினார். "சுகி…" என்றார். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. கண்ணீர் தாடிக்குள் வழிந்தது. ஆரணி என் கையைப் பிடித்தாள். காகம் இலையின் ஓரத்தில் காலை வைத்துக் கத்தரிக்காய்க்கு அலகைத் திறந்தது.

"சூ! போ! போ அங்காலை!"

அது என் வாய், சுகி. என் கைதான் தொப்பியைச் சுழற்றியது. நான் நினைத்துச் செய்யவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. அந்த இடம், அந்த மரம், சாப்பாட்டுக்குக் கிட்டக் கறுப்பாக ஒன்று. எத்தனை வருசம் உன்னோடு அந்த இடத்தில் எழும்பி எழும்பிக் கலைத்திருக்கிறேன், உடம்பு தானாக எழும்பிவிட்டது. காகம் பறந்த வீச்சில் இலை புரண்டு சோறெல்லாம் நிலத்தில் கொட்டிப்போனது.

நான் தொப்பியோடு நிற்கிறேன், நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று.

தவம் அண்ணை மெல்லத் திரும்பினார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ஏன் கலைச்சனீர், மாலா?" என்று கேட்டார். அதட்டவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"அண்ணை… அவளின்ரை பழக்கம். இஞ்சை பறவையளுக்கு ஒண்டும் வைக்க விடமாட்டாள். பறந்து வந்தா இப்பிடித்தான் கலைப்பாள்…"

"ஓம் அப்பா," என்றாள் ஆரணி. "அம்மா எக்ஸாக்ட்லி இப்பிடித்தான். எனக்கும் பேச்சு விழுந்திருக்கு."

"ஏனாம்?"

ரொட்டித் துண்டுக் கதையைச் சொன்னேன். நீ கேட்ட கேள்வியையும் அப்படியே சொன்னேன், பழக்கிப் போட்டால் நாங்கள் இல்லாத நாளில் அது என்ன செய்யும் என்று. சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஈர வேட்டி, கையில் செம்பு.

"அப்ப என்னை ஏன் பழக்கினவள்?" என்றார்.

பதில் உனக்குத் தெரியுமா, சுகி? அந்த டப்பாக்கள், அந்தச் செய்தி, உடுப்பு மடித்து வைத்தது, குளிசை எடுத்துக் கையில் தந்தது. காகத்துக்கு இரங்காத நீ, இவருக்கு மட்டும் ஏன் அப்படி இரங்கினாய்? எங்கள் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். வீட்டில் ஒரு சட்டம், காட்டில் ஒரு சட்டம். அன்று முதல் இந்தக் கேள்வி என்னை ஒரு கதிரையில் இருக்கவிடுகிறதில்லை. என் மனுசனுக்கு நான் கட்டிவைக்கும் டப்பாவைப் பார்த்தாலும் பதறுகிறது.

காகம் போகவில்லை. மேலே ஒரு கொப்பில் இருந்து இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. தவம் அண்ணை அண்ணாந்து அதைக் கனநேரம் பார்த்தார். நான் இன்னொரு பிடி சோற்றை இலையில் வைத்துவிட்டு விலகுவோமா என்று யோசித்தேன். உன் சட்டம் போகட்டும், மனுசன் உயிர் பெரிது. சருவச்சட்டியை எடுக்கக் குனிந்தேன்.

அதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் குந்தினார். வேட்டித் தலைப்பை விரித்து, கொட்டின சோற்றைப் பொறுக்கத் தொடங்கினார். சருகுக்குள் கிடந்த பருக்கை, மரப்பட்டை இடுக்கில் கிடந்த பருக்கை, ஒவ்வொன்றாக.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"விட்டிட்டுப் போனா கொம்மா ஏசுவாள்" என்றார்.

நாங்களும் குந்தினோம். மூன்று பேரும் முட்டிக்கொண்டு பொறுக்கினோம். அவருக்குக் கண் வடிவாகத் தெரியாது, ஆரணி, "அந்தா, காலடியிலை" என்று காட்டினாள். எல்லாம் முடிந்ததும் மண்சோற்றைக் குப்பைப் பைக்குள் போட்டு அவரே முடிச்சுப் போட்டார். ஓடையில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டியில் மிச்சமிருந்த சோற்றை மூன்று தட்டத்தில் போட்டார். என் தட்டத்தில் பருப்பையும் அவரே ஊற்றினார்.

"பசிக்குது. சாப்பிடுவம்" என்றார்.

காகம் மேலே இருந்து இன்னொரு தரம் கத்தியது. முதல் வாயை வைக்கப்போனவர் கையை நிறுத்தி மேலே பார்த்தார். "உனக்கு இல்லையணை. நீ போய்த் தேடிச் சாப்பிடு" என்றார். பிறகு வாயில் வைத்தார். உப்புக் கூட, கத்தரிக்காய் கசப்பு. நாங்கள் மூவரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு வேலித் தூணில் தட்டம் வைப்பதில்லை. காலையில் எழும்பிச் சாப்பிட்டுவிட்டுத்தான் குளிசை போடுகிறார் என்று ஆரணி சொன்னாள். பருப்பைக் கரிக்கிறாராம். ஒரு சட்டி தூக்கி எறிந்தாயிற்று. எனக்கு எடுத்து, "மாலா, பழப்புளி எவ்வளவு விடுறது?" என்று கேட்கிறார். நான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பத்து நிமிடக் கார் ஓட்டம்தான். கை பரபரக்கிறது. கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவை மட்டும் சொல்கிறேன். இது சரியா, சுகி? கல்மனமா? சொல்லேன்.

எனக்கு ஆறவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அது வெறும் காகம் என்று பகலில் நினைக்கிறேன். பிறகு அந்த வெள்ளைக் கண் நினைவுக்கு வருகிறது. நீயேதானா வந்தாய்? கத்தரிக்காய்க்கு வாயைத் திறந்த உன்னையா நான் "போ அங்காலை" என்றேன்? அல்லது என் வாய்க்குள் வந்து கத்தியதுதான் நீயா? பேசின் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கோயில் பிள்ளையாரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் கொழுக்கட்டையோடு பேசாமல் இருக்கிறார்.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். குளிர் விட்டதும் திரும்பவும் போகிறோம், மூன்று பேரும். தவம் அண்ணை இப்போதே முழங்காலுக்கு எண்ணெய் பூசித் தெருவைச் சுற்றி நடக்கிறார். உன் இடத்தில் கூடாரம் அடிப்போம், அவரே சமைப்பார், நாங்கள் கசப்பைச் சொல்லாமல் சாப்பிடுவோம். உனக்கென்று இலை போடமாட்டோம். ஒரு பருக்கை, ஒரு தேயிலைச் சக்கை அங்கே விட்டு வரமாட்டோம். காகம் வந்தால் நானே எழும்பிக் கலைப்பேன், அது நீயாக இருந்தாலும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான், எழுதி எழுதி எங்கெங்கோ போய்விட்டேன். திரும்பி வரும் வழியில், அந்த வளைவில், போன்கள் எல்லாம் உயிர் வந்து கிணுகிணுத்தன. தவம் அண்ணை தன் போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. உன் தடியை ஊன்றிக்கொண்டு, காட்டைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார்.

"நீர் மலருக்கு எழுதுற ஆள்தானே, மாலா" என்றார். "அவளுக்கு ஒரு கடிதம் எழுதும். கனக்க ஒண்டும் வேண்டாம். நான் சாப்பிட்டனான் எண்டு மட்டும் எழுதும்."

எழுதிவிட்டேன், சுகி. அவர் சாப்பிட்டவர்.

மூச்சு வாங்கிக்கொண்டு உனக்குப் பின்னால் வரும்,
உன் கூடப்பிறவாத தங்கச்சி,
மாலா